டெக்ஸாஸ் சிறையில் காவலர் அடித்தால் வழக்குப் போடலாமா? கோர்ட்டுக்கு முன்னால் ஒரு 15 நாள் கணக்கு இருக்கிறது

நீங்கள் கேட்டது இது: சித்தப்பா மகன் டெக்ஸாஸ் மாநிலச் சிறையில் தண்டனைக் கைதி. 6 நாளுக்கு முன் காவலர்கள் அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது. 3 நாள் கழித்துத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே புகார் எழுதினால் குப்பைக்குத்தான் போகும் என்கிறான், ஆகவே நேராகக் கோர்ட்டுக்குப் போய்ச் சிறை மீது வழக்குப் போடலாமா, எவ்வளவு நஷ்டஈடு வரும்? இதில் வழக்குப் போடலாமா என்பதற்கும் தொகைக்கும் அவசரம் இல்லை. அவசரமானது நடுவில் சொன்ன அந்தப் புகார் வரிதான். உள்ளே புகார் எழுதாமல் கோர்ட்டுக்குப் போனால், அடி எவ்வளவு கொடுமையானதாக இருந்தாலும், வழக்கு அந்தக் காரணத்துக்காகவே தள்ளுபடியாகும். உங்கள் தம்பிக்கு இன்னும் 9 நாள்தான் இருக்கிறது. அதனால் அதை விரிவாகவும் மற்றதை அளவாகவும் சொல்கிறேன்.

வழக்கின் வேர் 1871ஆம் ஆண்டுச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் வன்முறையை உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விட்டபோது அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. இன்று ‘செக்‌ஷன் 1983’ என்கிறார்கள். அது சட்டத்தொகுப்பில் உள்ள பிரிவு எண், ஆண்டு அல்ல. மாநில அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால், அவர்மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்குத் தொடரலாம். குடிமகன் மட்டுமல்ல, அந்நாட்டு அதிகார எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் இது பொருந்தும் என்று பிரிவின் வாசகமே சொல்கிறது. தம்பி இந்தியப் பாஸ்போர்ட்காரனாக இருந்தாலும் வித்தியாசம் இல்லை. தண்டனைக் கைதிக்கு இங்கே கைகொடுப்பது கொடூர தண்டனையைத் தடுக்கும், அரசியலமைப்பின் 8ஆவது திருத்தம். (விசாரணைக் கைதியாக இருந்தால் 14ஆவது திருத்தம். 2015இல் வந்த கிங்ஸ்லி தீர்ப்புப்படி அவர் காவலரின் மனதில் என்ன இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, பலப்பிரயோகம் நியாயத்துக்கு மீறியது என்று காட்டினால் போதும். தம்பிக்கு அந்த வசதி இல்லை.)

இப்போது அந்த 15 நாள். 1996இல் வந்த சிறைவழக்குச் சீர்திருத்தச் சட்டம், பி.எல்.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள், சிறைக்குள் இருக்கும் புகார் முறையைக் கடைசிப்படி வரை ஏறி முடித்த பிறகே வழக்குப் போடவேண்டும் என்கிறது. உள்புகாரில் பணமே கிடைக்காது என்றாலும் ஏறித்தான் ஆகவேண்டும் என்று 2001இலும், அடிதடிக்கும் இதே விதிதான் என்று 2002இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2006இல் வந்த வுட்ஃபோர்டு தீர்ப்பு இன்னும் இறுக்கியது: ஏறினால் மட்டும் போதாது, சிறை வைத்த கெடுவுக்குள், சிறை சொன்ன படிவத்தில், சொன்ன முறையில் ஏறியிருக்க வேண்டும். கெடு தவறிய புகார் எழுதாத புகாருக்குச் சமம். முதலில் வழக்கைப் போட்டுவிட்டு, பிறகு உள்புகாரை முடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் டெக்ஸாஸில் எடுபடாது. மாநிலம் அடங்கியிருக்கும் 5ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் கறாராக இருக்கிறது.

டெக்ஸாஸில் இரண்டு படி. முதல் படிக்கான படிவம் ஐ-127. சம்பவம் நடந்த 15 நாளுக்குள் கொடுக்கவேண்டும். பதில் திருப்தியில்லை என்றால், பதிலின் தேதியிலிருந்து 15 நாளுக்குள் இரண்டாம் படி, படிவம் ஐ-128. அதோடு வார்டன் கையெழுத்திட்டுத் திருப்பித் தந்த முதல்படி மூலப்படிவத்தையும் சேர்த்து அனுப்பவேண்டும், நகல் எடுபடாது. (அமெரிக்காவில் வார்டன் என்றால் சிறைக் கண்காணிப்பாளர். நம் ஊர்ச் சிறைகளில் சொல்லும் வார்டரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) படிவத்தின் பின்பக்கத்தில், எந்தெந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பலாம் என்று அச்சிட்ட பட்டியலே இருக்கிறது: கெடு கடந்தது, 7 நாளுக்கு ஒன்றுக்கு மேல் கொடுத்தது, நேரில் பேசித் தீர்க்க முயன்றதாக எழுதாதது, என்ன நடவடிக்கை வேண்டும் என்று கேட்காதது, தேவையில்லாத இணைப்புகள், கெட்ட வார்த்தை, படிக்க முடியாத கையெழுத்து. அதை எழுதும்முன் படித்துவிட்டால் பாதி விபத்து தவிரும்.

அந்த ‘7 நாளுக்கு ஒன்று’ என்பதும், ஒரு படிவத்தில் ஒரு விஷயம்தான் என்பதும் சேர்ந்துதான் பலரைக் கவிழ்க்கின்றன. தம்பியிடம் இருப்பது இரண்டு விஷயம்: அடித்தது, சிகிச்சை தாமதித்தது. இரண்டையும் ஒரே தாளில் கொட்டினால் ஒன்று விடுபடும், அல்லது தாளே திரும்பிவரும். இன்று 6ஆவது நாள். அடித்ததைப் பற்றிய புகார் இன்றோ நாளையோ போகட்டும். அதிலிருந்து 7 நாள் தள்ளி, 13 அல்லது 14ஆம் நாளில், சிகிச்சைப் புகார். இரண்டும் கெடுவுக்குள் அடங்கும்.

புகாரில் என்ன எழுதுவது? சட்டப்பிரிவு, தீர்ப்பு எதுவும் வேண்டாம். யார், எப்போது, எங்கே, என்ன செய்தார், யார் பார்த்துக்கொண்டு நின்றார், இவ்வளவுதான். ‘காவலர்கள் என்னைக் கொடூரமாகத் தாக்கி என் உரிமைகளை மீறினர்’ என்று எழுதினால் அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. இப்படி எழுதினால் இருக்கிறது: ‘இந்தத் தேதி, காலை சுமார் 9.40, சி கட்டிடம், 2ஆவது வரிசை, படிக்கட்டு அடியில். கைவிலங்கு பின்புறம் பூட்டப்பட்டிருந்தது, நான் தரையில் குப்புறக் கிடந்தேன். இன்னார் என் இடது மணிக்கட்டை முறுக்கினார். பெயர் தெரியாத, கண்ணாடி அணிந்த, சார்ஜென்ட் பட்டையுள்ள இன்னொருவர் மூன்றடி தள்ளி நின்று பார்த்தார், தடுக்கவில்லை. படிக்கட்டுக்கு எதிரே கேமரா இருக்கிறது.’ கைவிலங்கு பூட்டியிருந்தது, தரையில் கிடந்தான் என்ற இரண்டு தகவலுக்கும் உள்ள எடை, பத்துப் பெயரெச்சங்களுக்கு வராது. நடவடிக்கை கேட்கும் இடத்தில், விசாரணை வேண்டும், அந்த நேரத்துக் கேமராப் பதிவை அழியாமல் வைக்கவேண்டும், எலும்பு மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்று கேட்கலாம். பார்த்துக்கொண்டு நின்றவரை இப்போதே குறிப்பிடவேண்டும். தடுக்க வாய்ப்பிருந்தும் சும்மா நின்றவர்மீதும் வழக்கு நிற்கும். ஆனால் உள்புகாரில் நிழலாகக்கூட வராத ஆளைப் பின்னால் வழக்கில் சேர்த்தால், அவர் விஷயத்தில் உள்வழி முடிக்கப்படவில்லை என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும்.

குப்பைக்குப் போகும் என்று தம்பி சொல்வது பொய்யென்று நான் சொல்லமாட்டேன். 2016இல் ராஸ் எதிர் பிளேக் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விலக்கு வைத்தது: புகார்முறை வெறும் முட்டுச்சந்தாக இருந்தால், சராசரி ஆளுக்குப் புரியாத அளவு குழப்பமாக இருந்தால், அதிகாரிகள் மிரட்டியோ ஏமாற்றியோ தடுத்தால், உள்வழி இருந்ததாகவே கணக்கில்லை. ஆனால் ‘எழுதினாலும் பயனில்லை என்று எழுதவில்லை’ என்பது இந்த மூன்றிலும் வராது. படிவம் கேட்டு மறுத்தார்கள் என்றால் யாரிடம், எந்தத் தேதி, என்ன பதில் என்று அன்றே குறித்துவைக்க வேண்டும். முதல்படிக்குப் பதிலே வராமல் அவர்கள் கெடு தீர்ந்தால், சும்மா உட்கார்ந்திருக்காமல் இரண்டாம் படிக்கு ஏறவேண்டும். புகாரைப் பெட்டியில் போடும்முன் கையாலேயே இன்னொரு பிரதி எழுதி, அதை உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிடச் சொல்லுங்கள். செல்லைச் சோதனையிடும்போது தாள்கள் காணாமல் போவது அதிசயமே இல்லை. நீங்கள் வார்டனுக்கும் ஆம்புட்ஸ்மனுக்கும் (குடும்பத்தாரின் புகார்களைக் கேட்கும் அதிகாரி) கவர்னருக்கும் எழுதும் கடிதங்கள் வேறு விதத்தில் உதவலாம். உள்புகாருக்கு ஈடாக அவற்றைக் கோர்ட் ஏற்காது.

அடுத்து ஒரு பொறி. அடிபட்ட கைதிமீது ‘காவலரைத் தாக்கினான்’ என்று ஒழுங்கு நடவடிக்கை எழுதுவது வாடிக்கை. அதில் குற்றம் உறுதியாகி, நன்னடத்தைக் கழிவு நாட்கள் பறிபோனால், 1994இன் ஹெக் தீர்ப்பும் 1997இன் பாலிசாக் தீர்ப்பும் குறுக்கே வரும். அந்த ஒழுங்கு முடிவு பொய் என்று அர்த்தமாகும் எந்த நஷ்டஈட்டு வழக்கும், அந்த முடிவு ரத்தாகும்வரை நடக்காது. ஒழுங்கு முடிவுக்கு எதிரான மேல்முறையீட்டுக்கும் அதே ஐ-127 படிவம், அதே 15 நாள், ஆனால் தனிப் புகார். கழிவு நாட்கள் போகாமல் கேன்டீன் தடை, செல்லில் அடைப்பு மட்டும் என்றால் தண்டனைக்காலம் மாறுவதில்லை, அப்போது இந்தத் தடையும் இல்லை. காவலரைத் தாக்கியதாக உறுதியான பிறகும், ‘நான் அடங்கி, விலங்கு பூட்டிய பின்னர் மணிக்கட்டை முறித்தார்கள்’ என்று மட்டும் வாதிட்டால் வழக்கு பிழைக்குமா? இது உறுதியில்லாத இடம். இரண்டு நிகழ்வையும் நேரத்தால் பிரித்துக்காட்டிப் பிழைத்த வழக்குகள் உண்டு. மனுவில் ‘நான் ஒன்றுமே செய்யவில்லை’ என்ற ஒரு வரியைச் சேர்த்ததால் ஒழுங்கு முடிவோடு மோதி விழுந்த வழக்குகளும் உண்டு.

யார்மீது போடுவது என்பதில் உங்கள் கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கிறது. ‘சிறை மீது’ போடமுடியாது. மாநிலமும் அதன் துறையும் இந்தப் பிரிவின் பொருளில் ‘நபர்’ அல்ல என்று 1989இல் தீர்ப்பாகிவிட்டது. காவலரைத் தனிப்பட்ட முறையில் பிரதிவாதியாக்கித்தான் பணம் கேட்கவேண்டும். பதவிவழியாகச் சேர்த்தால் இனிமேல் இப்படிச் செய்யாதே என்ற உத்தரவு மட்டும் கேட்கலாம். (மாநிலச் சிறை அல்லாமல் கவுண்டி ஜெயில், அதாவது நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதியின் சிறை என்றால், 1978இன் மோனெல் தீர்ப்புப்படி அந்தக் கவுண்டியின் கொள்கையோ வழக்கமோ காரணம் என்று காட்டி கவுண்டி மீதே போடலாம்.) மேலதிகாரி என்ற ஒரே காரணத்துக்காக வார்டனைச் சேர்ப்பது வீண். அவர் உள்புகாரை நிராகரித்துக் கையெழுத்திட்டார் என்பதும் போதாது. புகாருக்கு நல்ல பதில் பெறுவது அரசியலமைப்பு உரிமை இல்லை என்று 5ஆவது வட்டம் சொல்லியிருக்கிறது. பதினைந்து பேரை வரிசையாகப் போடுவதைவிடக் கைவைத்தவர், பார்த்துநின்றவர், எக்ஸ்ரேயை மறுத்தவர் என்று மூன்று பேரைத் துல்லியமாகப் போடுவதே பலம்.

நிரூபிக்கவேண்டியது இரண்டு வழக்குக்கும் வேறு வேறு. அடித்ததற்கு, ஒழுங்கை நிலைநாட்ட நல்லெண்ணத்தில் செய்ததா, துன்புறுத்தவே வேண்டுமென்று செய்ததா என்பதே கேள்வி. 1992இன் ஹட்சன் தீர்ப்பு தரும் அளவுகோல்கள்: பலம் தேவைப்பட்டதா, தேவைக்கும் பிரயோகத்துக்கும் பொருத்தம் இருந்ததா, அபாயம் எவ்வளவு தெரிந்தது, குறைக்க முயன்றார்களா, காயம் எவ்வளவு. பெரிய காயம் கட்டாயமில்லை. ஆனால் மனவேதனைக்கு நஷ்டஈடு கேட்க உடற்காயம் காட்டவேண்டும் என்று பி.எல்.ஆர்.ஏ. தனியாகச் சொல்கிறது, மூன்று நாள் வலித்த காது போதாது என்று 5ஆவது வட்டம் 1997இல் சொன்னது. முறிந்த மணிக்கட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

சிகிச்சை வழக்குதான் கடினம். 1976இன் எஸ்டெல் தீர்ப்பு, அதுவும் டெக்ஸாஸ் கைதி வழக்குதான், தெரிந்தே அலட்சியம் காட்டியிருக்க வேண்டும் என்கிறது. 1994இன் ஃபார்மர் தீர்ப்பு, ஆபத்து இருப்பது அந்த அதிகாரிக்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று சேர்த்தது. தவறான சிகிச்சை, கவனக்குறைவு, ‘எனக்கு வேறு மருந்து வேண்டும்’ என்ற கருத்து வேறுபாடு எதுவும் ஒட்டாது. 3 நாள் தாமதம் மட்டும் என்றால் எனக்கு நம்பிக்கை குறைவு. கை வளைந்து வீங்கியிருந்ததை நர்ஸ் பார்த்தார், முறிவு என்று சொல்லியே கேட்டான், அவர் மறுத்தார், அந்தத் தாமதத்தால் எலும்பு கோணலாகச் சேர்ந்தது என்று நான்கும் மருத்துவப் பதிவில் இருந்தால் கதை வேறு. அதனால் மருத்துவ உதவி கேட்டுக் கொடுக்கும் ஒவ்வொரு ‘சிக்-கால்’ சீட்டிலும் வலி என்று மட்டும் எழுதாமல் ‘விரல் மரத்துப்போகிறது, கை திரும்பவில்லை’ என்று அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். நாளை அந்தச் சீட்டே சாட்சி.

கேமராப் பதிவு தானாகவே மேலெழுதப்பட்டு அழியும், பல இடங்களில் சில வாரங்களிலேயே. ஆகவே உள்புகாரில் கேட்பதோடு, வார்டனுக்கும் துறையின் சட்டப்பிரிவுக்கும் தேதி, நேரம், இடம் குறித்துப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி ஒரு கடிதம் போகட்டும். வழக்கறிஞர் அனுப்பினால் மதிப்பு அதிகம், நீங்கள் அனுப்பினாலும் தேதி நிற்கும். பதிவு நம் பக்கம்தான் பேசும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். காணொளி ஒரு கதையைத் தெளிவாக மறுத்தால் கோர்ட் காணொளியைத்தான் நம்பும் என்று 2007இலேயே தீர்ப்பு இருக்கிறது. கேமரா கோணத்துக்கு வெளியே நடந்தது எது என்று தம்பி நேர்மையாகப் பிரித்துச் சொல்லவேண்டும்.

பணம். மனுக்கட்டணம் 350 டாலர், நிர்வாகக் கட்டணம் 55 சேர்த்து 405. ஏழைக் கைதியாக மனுச்செய்தால் அந்த 55 இல்லை; 350ஐ மட்டும் தவணையில் பிடிப்பார்கள். கடந்த 6 மாதக் கணக்குப் பத்திரத்தைச் சிறையிடம் சான்றொப்பத்துடன் வாங்கி இணைக்கவேண்டும். மாத சராசரி வரவு அல்லது சராசரி இருப்பு, எது அதிகமோ அதில் 20 சதவீதம் முதல் தவணை. நீங்கள் மாதம் 60 டாலர் அனுப்பியிருந்தால் 12 டாலர். பிறகு கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும் போதெல்லாம் முந்தைய மாத வரவில் 20 சதவீதம், 350 தீரும்வரை. வழக்கு தள்ளுபடியானாலும் இந்தக் கடன் தீராது. இரண்டு வழக்கு என்றால் இரண்டுக்கும் தனித்தனியே 20 சதவீதம். மேலும், அற்பமானது, தீயநோக்கம் கொண்டது, வழக்கே எழவில்லை என்று மூன்று முறை தள்ளுபடியானால், நான்காவது முறை முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டவேண்டும். உடனடி உடல் ஆபத்துக்கு மட்டும் விலக்கு. மீண்டும் தாக்கல் செய்யலாம் என்று சொல்லித் தள்ளினாலும் அந்தக் கணக்கில் சேரும் என்று 2020இல் தீர்ப்பு வந்தது. அவசரமாக அரைகுறையாகப் போடாதே என்று சொல்ல இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

மனு போனதும் நீதிபதி முதலில் வடிகட்டுவார். டெக்ஸாஸில் ‘ஸ்பியர்ஸ் விசாரணை’ என்று ஒன்று உண்டு. மாஜிஸ்திரேட் நீதிபதி, பெரும்பாலும் தொலைபேசியிலோ காணொளியிலோ, கைதியைச் சத்தியத்தின் பேரில் கேள்வி கேட்பார். அல்லது கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் கேட்பார். சாதாரண உரையாடல் போல இருக்கும். ஆனால் அங்கே சொல்வது மனுவின் பகுதியாகிவிடும், அதை வைத்தே வழக்கைத் தள்ளவும் முடியும். ‘நர்ஸ் வேண்டுமென்று செய்தாரா, மறந்துவிட்டாரா?’ என்று கேட்டு, ‘மறந்திருப்பார்’ என்று பெருந்தன்மையாகச் சொன்னால் சிகிச்சை வழக்கு அங்கேயே முடிந்தது. பதில் கேட்டு வரும் தாளுக்குக் கெடுவுக்குள் பதில் போடாமலும், வேறு சிறைக்கு மாற்றியதும் கோர்ட்டுக்குப் புது முகவரி தராமலும் செத்த வழக்குகள் ஏராளம்.

வடிகட்டலைத் தாண்டினால், காவலர் பக்கம் வாதாடும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தகுதிசார் விலக்கைத் தூக்கும்: அந்த உரிமை அந்தச் சூழலில் ஏற்கெனவே தெளிவாக நிறுவப்பட்டிருந்தால் ஒழிய அதிகாரி பணம் தரவேண்டாம். விலங்கு பூட்டி அடங்கிய ஆளை அடிப்பது தவறு என்பது தெளிவானது. போராட்டத்தின் நடுவில் நடந்தது என்று அவர்கள் கதை போனால் தெளிவு மங்கும். மலம் அப்பிய செல்லில் டெக்ஸாஸ் கைதி ஒருவரை 6 நாள் வைத்த டெய்லர் எதிர் ரியோஹாஸ் வழக்கில் 5ஆவது வட்டம் இந்த விலக்கைத் தந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதை வைத்து எல்லா வழக்கும் நிற்கும் என்று எண்ணவேண்டாம், அப்பட்டமான கொடுமைக்கே அந்தத் தீர்ப்பு உதவும்.

காலவரம்பு 2 ஆண்டு. உள்புகார் நடக்கும் நாட்களை 5ஆவது வட்டம் கழித்துக்கொடுக்கிறது, ஆனால் அதை நம்பிக் கடைசி மாதம்வரை இழுக்கக் கூடாது. காரணம், பெயர் தெரியாதவரை ‘ஜான் டோ’ என்று போட்டு, 2 ஆண்டு தாண்டி உண்மைப் பெயரைச் சேர்த்தால், மனு போட்ட பழைய தேதியிலேயே சேர்த்ததாகக் கணக்காகாது. முதல் ஆண்டுக்குள் மனு போட்டால்தான் கோர்ட் வழியாகப் பெயரைக் கேட்டு வாங்க அவகாசம் இருக்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு எண் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள். ஜூரி வரை போகும் கைதி வழக்குகளே சிறுபான்மை. வென்றாலும் வழக்கறிஞர் கட்டணத்துக்காக அந்தத் தொகையில் 25 சதவீதம் வரை முதலில் போகும், தம்பிமீது குற்றவழக்கில் பாதிக்கப்பட்டோருக்கான ஈட்டுத்தொகை நிலுவை இருந்தால் அதுவும் பிடிக்கப்படும். எதிர்த்தரப்பு கட்டவேண்டிய வழக்கறிஞர் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருப்பதால்தான் இந்த வழக்குகளை எடுக்க ஆள் கிடைப்பது அரிது. கோர்ட் வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்ற உரிமையும் இல்லை, கேட்கலாம், அவ்வளவே. பெரும்பாலும் கைதியே எழுதி, கைதியே கையெழுத்துப் போடுவார். அவனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டு மனுத்தாக்கல் செய்ய முடியாது, வழக்கறிஞராக இருந்தால் ஒழிய.

இன்று அவன் போன் செய்யும்போது படிவம், 15 நாள், கேமரா, இந்த மூன்றை மட்டும் சொல்லுங்கள். சம்பவத்தைப் பற்றி அவனைப் பேசவைக்காதீர்கள். அந்த அழைப்பு பதிவாகிறது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் கேட்பார்.